பல்லு செட்டு

அவர் இறந்தபோது முதுநகர் கடைத்தெரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். அவர் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ஏழைகளின் வலி தீர்த்த வள்ளல்' என்று போட்டிருந்தது. பசை வாளியோடு வந்தவர்கள் என் மாடிப்படிச் சுவரிலும் ஒன்று ஒட்டப் பார்த்தார்கள். இங்கே ஒட்டக் கூடாது என்றேன். "தங்கமான மனுசன் மேடம் அவரு" என்றான் ஒருவன். தங்கமாகவே இருக்கட்டும், என் சுவரில் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அவர்களுக்கு வருத்தம் வேண்டாம். ஆனால் அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடலூர் முதுநகரில் அது ஒரு பழைய கட்டடம். கீழே அவருடைய மெடிக்கல். மேலே என் பல் ஆஸ்பத்திரி. சிதம்பரத்தில் படிப்பை முடித்து, சுனாமி வந்து போன மறு வருஷம் அங்கே போர்டு மாட்டினேன். படிக்கட்டு அவர் கடையை ஒட்டித்தான் மேலே ஏறும். பல்வலி என்று வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

முகம் என்றால் அப்படி ஒரு முகம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்து நின்றால் போதும், அவரும் தன் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். "ச்சோ... ச்சோ... ராத்திரி தூக்கமே இருந்திருக்காதே மாமா" என்பார். வந்தவனுக்கு அதிலேயே பாதி வலி போய்விடும். நடிப்பு என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நடிப்பில்லை. அடுத்தவர் வலியைக் கண்டால் நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கும். புலால் தொட மாட்டார். தைப்பூசத்துக்கு வடலூர் போய் நாள் முழுக்கச் சோறு பரிமாறிவிட்டு வருவார். சுனாமி சமயத்தில் ராப்பகலாகக் கடையைத் திறந்துவைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தவர் என்று ஊரே சொன்னது. நானும் முதலில் அதை நம்பி அவருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு ஒன்றுதான். "வலியோட யாரையும் அனுப்பக் கூடாது டாக்டரம்மா."

போர்டு மாட்டிய புதிதில் ஒரு பெரியவர் கன்னம் பந்தாக வீங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"கீழ பல்லு செட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு இருந்தேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தொழிலில் பல் செட்டு என்றால் பொய்ப்பல் வரிசை. மெடிக்கல்காரர் பொய்ப்பல் விற்கிறாரா? வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் அத்தனையும் சொந்தப் பல், பாதி சொத்தை. "எங்க, அந்த செட்டைக் காட்டுங்க" என்றேன். பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு கேப்சூல், கூடவே ஒரு குட்டி மாத்திரை. எந்த மாத்திரைக்கும் பெயர் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். பல்லு செட்டு, மூட்டு செட்டு, காய்ச்ச செட்டு, இடுப்பு செட்டு என்று அவரிடம் எல்லாவற்றுக்கும் செட்டு உண்டு. நோயாளிகள் கொண்டுவந்த பொட்டலங்களை என் மேசையில் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். பல்லு செட்டுக்கும் மூட்டு செட்டுக்கும் ஒரு மஞ்சள் மாத்திரைதான் வித்தியாசம். குட்டி மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது. அது ஸ்டீராய்டு. வலி, வீக்கம், அரிப்பு, அசதி எதுவானாலும் அரை நாளில் அமுக்கிவிடும். அமுக்குமே தவிர ஆற்றாது. பல்லுக்கு அடியில் சீழ் பாட்டுக்கு எலும்பைத் தின்றுகொண்டிருக்கும், ஆளுக்கு வலி தெரியாது.

கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் ஒரு கத்தரிக்கோல் தொங்கும். மாத்திரை அட்டையை அவர் அதால் குட்டிக் குட்டிச் சதுரமாக நறுக்குவார். பின்பக்கம் அச்சடித்திருக்கும் பெயர் எந்தத் துண்டிலும் முழுசாக வராது. அப்படியும் ஒன்றிரண்டு எழுத்து தெரிந்தால் பிதுக்கி எடுத்துப் பேப்பரில் மடித்துவிடுவார். மேலே சுவரில் கண்ணாடி போட்ட பார்மசி சான்றிதழ் ஒன்று தொங்கியது. அதிலிருந்த போட்டோ அவருடையது இல்லை. புதுச்சேரியில் இருக்கும் அவருடைய மச்சானுடையது.

சிதம்பரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேள் என்பதுதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பல்லை எடுத்தால் ரத்தம் நிற்காது. சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறாது. வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் ஈறு வளர்ந்து பல்லை மூடும். எல்லாம் சரி. ஆனால் எங்கள் புத்தகத்தில் செட்டு என்று ஒரு சொல் இல்லை. "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் முதுநகரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. "ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள். அவர்கள் கணக்கில் மாத்திரை என்பது டாக்டர் எழுதிக் கொடுப்பது. இது வெறும் செட்டு.

ஆகவே நான் கேள்வியை மாற்றினேன். "செட்டு வாங்குறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தேன். ஆமாங்க, ஆமாங்க என்று வரிசையாகத் தலையாட்டினார்கள். செம்மங்குப்பம் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை செய்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்கள், மீன் கூடைக்காரிகள், லாரி டிரைவர்கள், யாரும் பாக்கி இல்லை.

அன்றைக்கே கீழே இறங்கிப்போய்க் கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. "என்ன குடுக்கிறீங்கன்னு தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா? உடம்பைக் கெடுத்துப்புடும் அது!"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பக்கத்துக் கடையிலிருந்து எனக்குப் பன்னீர் சோடா வரவழைத்தார்.

"கோவப்படாதீங்க டாக்டரம்மா, பிரஷர் ஏறும். நீங்க என்னா சொல்லுவீங்க? எக்ஸ்ரே எடு, அஞ்சு நாள் மருந்து சாப்பிடு, அப்புறம் வா, புடுங்கலாம்னு சொல்லுவீங்க. அவன் நாளைக்கு லீவு போட்டா நாளன்னிக்குக் கம்பெனிக்காரன் வேற ஆள எடுத்துருவான். உங்ககிட்ட வர்றவங்களுக்குப் பல்லு மட்டுந்தான் வலிக்குது. எங்கிட்ட வர்றவங்களுக்கு ஒடம்பு பூரா வலிக்குது."

அவர் சொன்னதில் பாதி நிஜம். அதனாலேயே கோபம் ஜாஸ்தியானது. சோடாவைத் தொடாமல் மேலே ஏறிவிட்டேன். "பாவம், சின்னப் பொண்ணு, படிச்ச சூடு இன்னும் ஆறல" என்று அவர் யாரிடமோ பரிந்து பேசியது படிக்கட்டில் கேட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சண்டைக்கு அப்புறம் என் கேள்வி வேலை செய்யவில்லை. செட்டு வாங்குகிறீர்களா என்றால் எல்லோரும் இல்லை என்றார்கள். கண்ணைப் பார்க்காமல் சொன்னார்கள். ஒரு சர்க்கரைக்காரர் மட்டும் உளறிவிட்டார். சர்க்கரை அளந்தால் எங்கேயோ போய் நிற்கிறது. சுகர் மாத்திரை போட்டீங்களா என்றால், "பல்லு புடுங்கப் போறோம்னு ரெண்டு நாளா நிறுத்திட்டேங்க" என்கிறார். யார் நிறுத்தச் சொன்னது?

"கீழதான். வேற டாக்டர்கிட்ட போறப்ப வயித்துல வேற மருந்து இருக்கக் கூடாதாம். அது அவுங்களுக்குச் செய்யற மரியாதையாம்."

மரியாதை! எனக்குப் பயந்துகொண்டு அவர் கண்டுபிடித்த புது வழி அது. மேலே அனுப்புவதற்குச் சில நாள் முன்னால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிடுவது. கேட்டால் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லச் சொல்வது. அப்படிச் சொன்னால் பொய்யும் ஆகாது பாருங்கள். என்னைச் சமாளிக்க வேண்டும், அவர்களுக்கும் வலி போக வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. மறுபடியும் போய்க் கத்தினேன். மறுபடியும் சோடா வந்தது.

புகார் கொடுப்பேன் என்று ஒரு தடவை தெருவில் வைத்தே சொன்னேன். மறுநாளிலிருந்து என் படிக்கட்டில் ஆள் ஏறுவது குறைந்தது. பூக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "நீங்க மேல இருந்து பல்லப் புடுங்குங்க மேடம். அவரு வவுத்துல ஏன் அடிக்கிறீங்க?" என்றார். புகார் கொடுத்தும் பார்த்தேன். கடை சில நாள் மூடிக் கிடந்தது, பிறகு திறந்தது. திறந்த அன்றைக்கு வரிசை தெருமுனை வரை நின்றது.

இட்லிக் கடை அக்காவுக்கு வருகிறேன். துறைமுகம் போகிற வழியில் தள்ளுவண்டி போட்டிருந்தார். விடியற்காலையிலிருந்து நின்றபடியே வேலை. புருஷன் இல்லை. நர்சிங் படிக்கிற ஒரே மகள். அந்தப் படிப்பு அக்காவின் இரண்டு காலில்தான் நின்றது. வாய்க்கு வாய் "இவ வேலைக்குப் போற வரைக்கும் எங்கால் தாங்கிடுச்சுன்னா போதும்" என்பார்.

கடைவாய்ப் பல் வலி என்று பல்லு செட்டில் ஆரம்பித்திருக்கிறார். ஒரு பொட்டலத்திலேயே பல்லோடு சேர்த்து மூட்டு வலியும் போய்விட்டது. உடம்பு இறகாகிவிட்டது என்று தினமும் வாங்க ஆரம்பித்துவிட்டார். முகம் உருண்டு பளபளவென்று ஆனது. "என்னா அக்கா, சோக்காயிட்ட!" என்று தெருவே பாராட்டியது. உள்ளே எலும்பு பொடிந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

மேலே வந்தபோது மாத்திரையும் கேட்டேன், செட்டும் கேட்டேன். "அய்ய, அதெல்லாம் எனக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தார். அந்த உருண்டை முகத்தைப் பார்த்து மறுபடியும் கேட்டேன். மகள் மேல் ஆணை என்று தலையில் கை வைத்தார். பல்லடியில் சீழ் இருந்ததால் மருந்து எழுதிக் கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

அடுத்த வாரம் படியேறி வரவே சிரமப்பட்டார். முகம் வெளுத்திருந்தது. காலையிலிருந்து வாந்தி, ஒரே கிறக்கம் என்றார். ஊசியை எடுக்காமல் முதலில் பிரஷர் பார்த்தேன். கருவி கெட்டுவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு இறங்கிக் கிடந்தது. குனிந்து அவர் காதருகே கேட்டேன். "அக்கா, இப்பவாவது சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. செட்டுகூட ஒரு வாரமா நிறுத்தியாச்சு. அவரு நிறுத்தச் சொன்னாரு. நீ திட்டுவியாம்." அதைச் சொல்லி முடித்ததும் அப்படியே சரிந்துவிட்டார்.

உடம்பு தானே சுரந்துகொள்கிற ஒன்றை வெளியிலிருந்து வருஷக்கணக்கில் ஊட்டினால் உடம்பு சுரப்பதை நிறுத்திவிடும். ஊட்டுவதையும் ஒரு நாள் திடீரென்று நிறுத்தினால் ஆள் விழுந்துவிடுவார். அது உயிர் போகிற காரியம். மருந்து கொடுத்து ஒரு தடவை கெடுத்தார், எனக்குப் பயந்து நிறுத்தி இன்னொரு தடவை கெடுத்தார்.

நான் போட்ட சத்தத்தில் அவர்தான் முதலில் ஓடி வந்தார். அக்காவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அந்தக் குறுகின படியில் இறங்கினார். செருப்பு ஒருபக்கம், கண்ணாடி ஒருபக்கம் போயிற்று. வழியில் வந்த ஷேர் ஆட்டோவை மறித்து, இருந்தவர்களை இறக்கிவிட்டு ஏற்றினார். பக்கத்து ஆஸ்பத்திரியில் நான் விஷயத்தைச் சொல்ல, உடனே ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எத்தனை நாளாகக் கொடுத்தீர்கள் என்று அங்கே டாக்டர் கேட்டபோது மனுஷன் வாயே திறக்கவில்லை. சட்டையைப் பிடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் ஒருவர் சட்டையை நான் பிடித்தது அன்றைக்குத்தான்.

"சொல்லுங்கய்யா! சொன்னாத்தான் அளவு தெரியும்!"

"ரெண்டு வருசம்" என்றார் அழுதுகொண்டே. "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

அக்கா பிழைத்துக்கொண்டார். சிதம்பரத்தில் கிடந்து எழுந்து வர வெகுநாள் ஆயிற்று. மெடிக்கல்காரர் தினமும் பஸ் ஏறிப்போய்ப் பழமும் ஹார்லிக்ஸும் கொடுத்துவிட்டு வந்தார். உயிர் வந்தது, கால் வரவில்லை. இடுப்பில் தொடை எலும்பின் தலை செத்துப்போயிருந்தது. ஸ்டீராய்டு செய்கிற வேலைதான் அது. ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கலாம், இட்லிக் கொப்பரை முன்னால் நிற்க முடியாது. வண்டியை விற்றார்கள். மகள் நர்சிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் நிற்கப் போனாள். அம்மாவுக்குப் பதிலாக நாள் முழுக்க நின்றாள்.

பார்க்கப் போயிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு இல்லன்னா அன்னிக்கே போயிருப்பேம்மா. என்னப் புள்ள மாதிரி தூக்கினு ஓடுனாரு. தங்கமான மனுசன்" என்றார். அவர் கொடுத்துத்தானே இப்படி ஆயிற்று என்றேன். "அவரா குடுத்தாரு? நாந்தான் கேட்டேன். வலியோட யாரையும் அனுப்ப மாட்டாரு" என்றார். மேலே பேசினால் நோயாளியைத் திட்டிவிடுவேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

தெருவிலும் அந்தக் கதை அப்படித்தான் நின்றது. பல் டாக்டர் நாற்காலியில் மயங்கி விழுந்தவரை மெடிக்கல்காரர் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார். அவ்வளவுதான் கதை.

பெரிய புயல் அடித்துக் கடலூரையே புரட்டிப் போட்டதே, அதற்கு அப்புறம் கொஞ்ச நாளில் அவர் என் படியேறி வந்தார். கரண்ட் வந்து போய்க்கொண்டிருந்த சமயம். கன்னத்தைப் பிடித்திருந்தார். இந்தத் தடவை சொந்த வலி. கடைவாய்ப் பல், அக்காவுக்கு இருந்த அதே இடம்.

"எத்தனை நாளா?"

"நாலஞ்சு நாளாச்சு டாக்டரம்மா. உயிர் போவுது."

வழக்கமான கேள்வியை வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாகக் கேட்டேன். "செட்டு போட்டீங்களா?"

அவர் பதறிப்போனார். "அய்யய்யோ, நான் எதுக்கு அதப் போடுறேன்? எலும்ப அரிச்சுப்புடுமே!"

வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைத் தட்டில் வைத்தேன். "எலும்பை அரிக்கும்னு உங்களுக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"மொதல்லேருந்தே தெரியும். மருந்துக் கம்பெனி ஏஜென்ட் சொல்லியிருக்காரு. எம்புள்ளைங்களுக்கு ஒரு வேளகூடக் குடுத்ததில்ல."

"அப்ப அந்த அக்காவுக்கு?"

என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். குரலில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை. "அவுங்க நின்னு வேலை செய்யறவங்க டாக்டரம்மா. வலி வந்தா அவுங்களுக்கு அன்னிக்கே போயாவணும். நம்ம உக்காந்திருக்கவங்க. நம்மளால நாலு நாள் தாங்கிக்க முடியும்."

நம்ம என்று என்னையும் சேர்த்துச் சொன்னார்.

அதற்கு மேல் நான் கத்தவில்லை. பிரஷர் பார்த்தேன். சர்க்கரை பார்த்தேன். என்ன மருந்து சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது என்று எல்லாம் கேட்டேன். ஒன்றையும் மறைக்காமல் ஒவ்வொன்றுக்கும் மாத்திரைப் பெயரோடு பதில் சொன்னார். முதுநகரில் என்னிடம் அப்படிப் பதில் சொன்ன ஒரே நோயாளி அவர்தான். மருந்து கொடுத்து அஞ்சு நாள் கழித்து வரச் சொன்னேன். சரியாக வந்தார். ஊசி போட்டு, நன்றாக மரத்துப்போகும்வரை காத்திருந்து, குத்திப் பார்த்துக் கேட்டுவிட்டு, அசைத்து அசைத்து மெதுவாக எடுத்தேன். இதைவிடச் சுத்தமாக ஒரு பல்லை நான் எடுத்ததில்லை. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னேன்.

பேச முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினார். கடை முன்னால் ஒரு கூடைக்காரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் வைத்த பஞ்சை வாயில் கடித்தபடியே அவர் கயிற்றில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்தார். அட்டை நறுக்குகிற சத்தம் என் ஜன்னல் வரை கேட்டது.

அவருக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.